மறைத்தலும் பொறுப்பேற்றலும்: செய்நிரல் வடிவமைப்பில் ஓர் அறவினா

அறிந்ததை மறைத்தல் அறிவுலகத்தில் நற்பெயர் பெற்ற செயலன்று. ஆய்வாளர் ஒருவர் தாம் திரட்டிய தரவுகளைக் காட்டாது முடிவுகளை மாத்திரம் வெளியிடுவாராயின் அவரது ஆய்வு ஐயத்துக்குள்ளாகின்றது. நிருவாகம் ஒன்று தனது ஏடுகளை மூடிவைக்குமாயின் அங்கு ஏதோ தவறு நிகழ்ந்துள்ளதென்றே மக்கள் கருதுவர். அறிவு பொதுச்சொத்து என்ற எண்ணத்தின் மீதே பல்கலைக்கழகம் என்னும் நிறுவனமும் எழுப்பப்பட்டுள்ளது. இத்தகைய சூழலிலே, மறைத்தலைத் தனது தலையாய நெறிகளுள் ஒன்றாக வெளிப்படையாகவே போற்றும் துறையொன்று இயங்கிவருவது சிந்தனைக்குரியது. கணினிச் செய்நிரலாக்கமே அத்துறை.

பொருள்நோக்குச் செய்நிரலாக்கம் எனப்படும் முறையில், தரவுகளும் அவற்றைக் கையாளும் செயன்முறைகளும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டப்பட்டுப் 'பொருள்' எனப் பெயர் பெறுகின்றன. ஒரே வகையான பொருள்களுக்குரிய வரைபடம் 'வகுப்பு' எனப்படும். வங்கிக் கணக்கு என்பது ஒரு வகுப்பாயின், குறித்த ஒருவரது கணக்கு அவ்வகுப்பைச் சேர்ந்த ஒரு பொருளாகும். மீதித்தொகை அதன் தரவு. பணமிடலும் பணமெடுத்தலும் அதன் செயன்முறைகள். மீதித்தொகையை வெளியிலுள்ள எப்பகுதியும் நேரே தொடலாகாது. செயன்முறைகளின் வழியாகவே அதனை அணுகுதல் வேண்டும். இவ்வாறு தரவை உள்ளடக்கிக் காப்பதே 'என்காப்சுலேஷன்' என வழங்கும் உறையிடல். செய்நிரலாக்கம் பயிலத் தொடங்கும் மாணவர் வெகுவிரைவிலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது. ஆயின் அதே பாடத்தின் அடுத்த படியாக, உள்ளேயுள்ள ஒவ்வொரு தரவையும் கேட்டவுடன் எடுத்துக்கொடுக்கும் 'கெற்றர்' எனப்படும் சிறு செயன்முறைகளை எழுதவும் அவருக்குக் கற்பிக்கப்படுகின்றது. கதவைப் பூட்டிவிட்டுத் திறப்பைப் பூட்டிலேயே விட்டுச்செல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? வினா தொழினுட்ப வினாவாகத் தோன்றினும் அதன் அடியில் இருப்பது அறவினா ஒன்றேயாகும். ஒரு விடயத்தை அறியும் உரிமை யாருக்குரியது? அதனைப் பற்றித் தீர்மானிக்கும் பொறுப்பு யாருக்குரியது? முன்னதைப் பெற்றவர் பின்னதையும் பெற்றவராவாரா?

மறைத்தலுக்கு எதிரான வாதத்தை அதன் வலிமை குன்றாது முன்வைத்தவர் பிறெடெரிக் புறூக்ஸ். 1960 களில் ஐ.பி.எம். நிறுவனம் தனது சிஸ்ரம்/360 கணினி வரிசைக்கென ஓ.எஸ்./360 என்னும் இயக்க முறைமையை உருவாக்கியபோது அப்பணிக்குத் தலைமை தாங்கியவர் அவர். முறைமையின் எல்லா விவரங்களையும் எல்லா நிரலாளரும் காணல் வேண்டும் என்பது அவரது கொள்கை. இதற்கெனப் பணிப்பதிவேடு ஒன்று பேணப்பட்டு ஒவ்வொருவருக்கும் படி வழங்கப்பட்டது. காலப்போக்கில் ஒரு படியின் தடிப்பு 5 அடியை எட்டிற்று. நாள்தோறும் வந்துசேர்ந்த திருத்தத் தாள்கள் சராசரியாக 2 அங்குலத் தடிப்பில், ஏறத்தாழ 150 பக்கங்களாக இருந்தன. அவற்றை உரிய இடங்களில் செருகுவதே தனியொரு வேலையாயிற்று. ஈற்றில் பதிவேட்டை நுண்படத் தகடுகளுக்கு மாற்றவேண்டியேற்பட்டது. இவ்வளவுக்குப் பின்னரும், 1975 இல் வெளிவந்த 'தி மிதிக்கல் மான்-மந்த்' என்னும் நூலில், தகவலை மறைத்தல் வேண்டும் என்ற டேவிட் பார்னஸின் கொள்கை பெருந்தீங்கு விளைக்கும் என்றே புறூக்ஸ் எழுதினார். இருபதாண்டுகள் கழிந்து, 1995 இல் அந்நூலின் விரிவாக்கிய பதிப்பு வெளிவந்தபோது, இவ்விடயத்தில் பார்னஸே சரி, தாம் கொண்டிருந்த கருத்துத் தவறு என வெளிப்படையாக அறிவித்தார். புகழ்பெற்ற அறிஞர் ஒருவர் தமது புகழ்பெற்ற நூலிலேயே இவ்வாறு எழுதுதல் அரிது.

எனினும் புறூக்ஸின் முன்னைய நிலைப்பாட்டை எளிதாக ஒதுக்கிவிடுதல் நியாயமன்று. பல கண்கள் காணும் இடத்தில் பிழை ஒளிந்திருத்தல் கடினம். ஒருவர் செய்யும் வேலையை மற்றவர் அறியாதிருக்கும்போது பிணக்கும் தற்பெருமையும் வளர்கின்றன. கூட்டுவேலையில் யாவரும் யாவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும் என்ற எண்ணத்தில் மக்களாட்சிப் பண்பு ஒன்று உண்டு. அவரது மனமாற்றத்தை வெறும் வசதி கருதிய மாற்றமாகக் கொள்ளாது, மறைத்தல் என்பதன் பொருளையே அவர் புதிதாக விளங்கிக்கொண்டதன் பயனாகக் கொள்வதே பொருத்தம். அதற்குப் பார்னஸ் சொல்லியது யாதென நோக்குதல் வேண்டும்.

பார்னஸின் கட்டுரை 1972 டிசெம்பரில் வெளியாயிற்று. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் மிகச் சிறியது: சில வரிகளை உள்வாங்கி, ஒவ்வொரு வரியின் சொற்களையும் சுழற்சி முறையில் இடம்மாற்றி, கிடைக்கும் வரிகள் யாவற்றையும் அகரவரிசைப்படுத்தி வெளியிடும் செய்நிரல். இதனை இரு வகையாகப் பகுத்துக் காட்டினார். முதல் வகை வேலை நடக்கும் ஒழுங்கைப் பின்பற்றியது: உள்வாங்கல் ஒரு பகுதி, சுழற்றல் ஒரு பகுதி, வரிசைப்படுத்தல் ஒரு பகுதி, வெளியிடல் ஒரு பகுதி. இயல்பாக யாவருக்கும் தோன்றும் பகுப்பு இதுவே. ஆனால் இதில் வரிகள் நினைவகத்தில் எவ்வாறு வைக்கப்பட்டுள்ளன என்பதை எல்லாப் பகுதிகளும் அறிந்திருத்தல் அவசியமாகின்றது. அந்த வைப்புமுறையை மாற்றின் எல்லாவற்றையும் மாற்றவேண்டிவரும். இரண்டாம் வகைப் பகுப்பில் ஒவ்வொரு பகுதியும் ஒரு தீர்மானத்தைத் தன்னுள் அடக்கிக்கொள்கின்றது. வரிகளை எவ்வாறு வைப்பது என்பது ஒரு பகுதிக்கு மாத்திரமே தெரியும்; ஏனையவை அதனிடம் இன்ன வரியின் இன்ன சொல்லின் இன்ன எழுத்து யாதெனக் கேட்டுப் பெறும். இங்கு மறைக்கப்படுவது நிகழ்ந்த உண்மையன்று. நாளை மாறக்கூடிய தீர்மானம் ஆகும். மறைத்தவர் மறைத்ததற்குப் பொறுப்பாளியாகின்றார். வைப்புமுறை பிழைத்தால் விடைசொல்ல வேண்டிய பகுதி ஒன்றே என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கின்றது.

இந்நெறி பேணப்படாவிடின் விளைவது யாது என்பதை உலகம் முழுவதும் ஒரு தடவை கண்டது. நினைவகம் விலைமிக்கதாயிருந்த காலத்தில் ஆண்டை ஈரிலக்கத்தால் குறிக்கும் வழக்கம் ஏற்பட்டது; 1965 என்பது 65 ஆயிற்று. அத்தீர்மானம் அக்காலத்துக்கு அறிவீனமானதன்று. ஆனால் அது ஓரிடத்தில் அடங்கியிருக்கவில்லை. ஓய்வூதியத்தைக் கணிக்கும் செய்நிரலும் கடன் வட்டியைக் கணிக்கும் செய்நிரலும் களஞ்சியப் பொருளின் காலாவதியைப் பார்க்கும் செய்நிரலும், ஆண்டு ஈரிலக்கம் என்பதை அறிந்து, அந்த அறிவின் மேல் தத்தம் கணக்கைக் கட்டியிருந்தன. 2000 ஆம் ஆண்டு நெருங்கியபோது அரசுகளும் வங்கிகளும் தமது செய்நிரல்களை வரிவரியாகத் தேடித் திருத்தவேண்டியேற்பட்டது. திகதியின் உள்ளமைப்பு ஒரு பகுதிக்கு மாத்திரம் தெரிந்த விடயமாக இருந்திருப்பின் திருத்தமும் பெரும்பாலும் அப்பகுதியோடு அமைந்திருக்கும்.

பார்னஸ் பகுதிகளைப் பற்றிப் பேசினார். பொருள்நோக்கு முறை இவ்வெண்ணத்தை ஒவ்வொரு பொருளுக்கும் விரித்தது. அம்முறையின் தோற்றம் ஒஸ்லோவில், நோர்வேக் கணிப்பு நிலையத்தில், ஒலே யோஹான் டால், கிறிஸ்ரன் நைகார்ட் ஆகிய இருவர் உருவாக்கிய சிமுலா மொழியில் உள்ளது. 1967 இல் வகுப்பு என்ற கருத்தை அறிமுகப்படுத்திய அம்மொழியில் தரவை மறைக்கும் ஏற்பாடு முதலில் இருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது; பின்னரே அது சேர்க்கப்பட்டது. 1970 களில் அலன் கேயும் அவரது குழுவினரும் செறொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் ஆக்கிய ஸ்மோல்ரோக் மொழியிலோ, ஒரு பொருளின் தரவை வேறெந்தப் பொருளும் தொடமுடியாது. செய்தி அனுப்பலாம், அவ்வளவே. கேய் உயிரியலும் கற்றவர். உயிரணுக்கள் தம் மென்சவ்வுக்குள் தமது வேலையைத் தாமே நடத்தி, ஒன்றுக்கொன்று சைகைகளை மாத்திரம் அனுப்பிக்கொள்ளும் காட்சி அவரது சிந்தனைக்கு மாதிரியாயிற்று.

தமிழிலே 'அடக்கம்' என்னும் சொல் உள்ளே கொள்ளப்பட்டிருத்தலையும் தன்னைத் தான் கட்டுப்படுத்திக்கொள்ளும் பண்பையும் ஒருங்கே குறிக்கின்றது. வள்ளுவர் அப்பண்புக்குத் தனியதிகாரமே வகுத்தார். கணினித் துறையினர் உறை, பொதி என்னும் சொற்களைத் தேடுமுன் இச்சொல்லைச் சற்று எண்ணிப்பார்த்திருக்கலாம். 'மறைத்தல்' என்பதில் ஏறியுள்ள பழி இதில் இல்லை.

இனிக் கெற்றரின் இயல்பை நோக்கலாம். கணக்கு என்னும் பொருள் மீதித்தொகையை மறைத்து வைத்து, கேட்பவருக்கு அதனைச் சொல்லும் கெற்றர் ஒன்றையும், அதனை மாற்றியமைக்கும் 'செற்றர்' ஒன்றையும் வழங்குகின்றது எனக் கொள்க. பணமெடுக்க வரும் பகுதி முதலில் மீதியைக் கேட்கும். போதுமானதா எனப் பார்க்கும். போதுமாயின் கழித்து, புதிய மீதியை எழுதுவிக்கும். மேலோட்டமாக இதில் குறையில்லை. ஆனால் போதுமானதா என்று தீர்மானித்தது யார்? கணக்கு அன்று, வெளியிலிருந்து வந்த பகுதியே தீர்மானித்தது. வங்கியில் பணம் கொடுக்கும் இயந்திரத்துக்கும், காசோலைப் பிரிவுக்கும், மாதாந்தக் கழிவுகளைச் செய்யும் பிரிவுக்கும் இவ்வாறே தனித்தனித் தீர்மானங்கள் எழுதப்படும். நாளை வங்கி சில வாடிக்கையாளருக்கு மேலதிகப் பற்று வழங்க முடிவுசெய்யுமாயின் அவ்விதியை மூன்றிடத்தில் எழுதுதல் வேண்டும். இரண்டிடத்தில் எழுதி ஓரிடத்தில் மறந்தால் ஒரே வாடிக்கையாளர் ஓரிடத்தில் கடன் பெறத் தகுதியுடையவராகவும் வேறோரிடத்தில் தகுதியற்றவராகவும் ஆவார். அவரது முறைப்பாட்டுக்கு விடைசொல்லவேண்டியது எப்பகுதி?

இதனினும் கடுமையான நிலையொன்று உண்டு. மீதி 10,000 ரூபா. கணவனும் மனைவியும் கூட்டாக வைத்திருக்கும் கணக்கு. ஒருவர் ஓரூரிலும் மற்றவர் வேறோரூரிலும் ஒரே கணத்தில் 8,000 ரூபா எடுக்க முனைகின்றனர். முதல் இயந்திரம் மீதியைக் கேட்கின்றது. 10,000 என விடை கிடைக்கின்றது. இரண்டாம் இயந்திரமும் கேட்கின்றது. அதற்கும் 10,000 என்றே விடை. இரண்டும் போதுமெனத் தீர்மானிக்கின்றன; இரண்டும் 8,000 ஐக் கழித்து, மீதி 2,000 என எழுதுவிக்கின்றன. வங்கி 16,000 ரூபாவைக் கொடுத்துவிட்டது. கணக்கிலோ 2,000 ரூபா எஞ்சியுள்ளது. கெற்றர் இரு தடவையும் உண்மையையே சொல்லியது என்பதே இங்கு உற்றுநோக்க வேண்டியது. சொன்ன கணத்தில் அது மெய். தீர்மானித்த கணத்தில் அது பழைய செய்தி. பணமெடுக்குமாறு கணக்கையே பணித்திருப்பின், ஒரு வேண்டுகோளை முடிக்கும்வரை மற்றதைக் காத்திருக்கச் செய்து, இரண்டாவதை மறுத்துவிட அதற்கு இயலும். அவ்வாறு காத்திருக்கச் செய்யும் பூட்டு எங்கேனும் ஓரிடத்தில் அமைதல் வேண்டும். தரவு இருக்குமிடத்தைத் தவிர அதற்குப் பொருத்தமான இடம் வேறில்லை.

எனவே கெற்றரின் குறை அது உண்மையை வெளியிடுவதில் இல்லை. உண்மையை அறிந்த இடத்திலிருந்து தீர்ப்பைப் பெயர்த்து, அவ்வுண்மைக்குப் பொறுப்பில்லாத இடத்தில் கொண்டுபோய் வைப்பதே அதன் குறை. தொழிலாளி ஒருவர் வேலைக்குத் திரும்பத் தக்கவரா என்பதை முதலாளி அறியவேண்டியுள்ளது. மருத்துவர் தக்கவர் என்றோ தகாதவர் என்றோ சான்றிதழ் வழங்குகின்றார். அதற்குப் பதிலாக இரத்தப் பரிசோதனை எண்களை முதலாளியிடம் கொடுத்து, வேண்டியவாறு முடிவுசெய்துகொள்ளுமாறு சொல்லின், நோயாளியின் அந்தரங்கம் கெடுவதோடு மருத்துவர் தமது கடமையையும் கைவிட்டவராவார். சான்றிதழில் மருத்துவரின் கையொப்பம் உண்டு. எண்களில் எவரது கையொப்பமும் இல்லை.

கெற்றர் கொடுப்பது எண்ணாக இருக்கும்போதே இவ்வளவு. அது உள்ளேயுள்ள பட்டியலையே கொடுக்குமாயின் நிலைமை வேறு. ஜாவா மொழியில் இத்தகைய நிகழ்ச்சியொன்று 1997 இல் வெளிப்பட்டது. வலையமைப்பின் வழியே வந்துசேரும் செய்நிரலை நம்பலாமா என்பதை அறிய, அதில் ஒப்பமிட்டவர் யாவர் என்ற பட்டியலை அம்மொழி பேணிற்று. அப்பட்டியலைக் கேட்டறிய ஒரு கெற்றர் இருந்தது. மொழியின் அன்றைய பதிப்பில் அந்தக் கெற்றர் பட்டியலின் படியைக் கொடுக்காது மூலப்பட்டியலையே கொடுத்துவிட்டது. வந்துசேர்ந்த செய்நிரல் தன் ஒப்பக்காரர் பட்டியலைக் கேட்டுப் பெற்று, நம்பிக்கைக்குரிய ஒருவரின் பெயரை அதில் தானே எழுதிக்கொள்ள முடிந்தது. பிறின்ஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர் இதனைக் கண்டறிந்தனர், பிழையும் திருத்தப்பட்டது. பார்க்கக் கொடுத்த ஏட்டில் எழுதவும் இடங்கொடுத்த கதை அது.

இத்தகைய கேடுகள் தெரிந்திருந்தும் கெற்றர் எழுதும் பழக்கம் ஏன் பரவிற்று? பெருமளவுக்குச் சடங்கு காரணம் எனலாம். 1990 களின் பிற்பகுதியில் ஜாவாபீன்ஸ் என்னும் நியமம், செய்நிரல்களைத் தொகுக்கும் கருவிகள் ஒரு பொருளின் பண்புகளைத் தாமாகவே கண்டறியும்பொருட்டு, கெற்றர், செற்றர் ஆகியவற்றுக்கு ஒரு பெயரிடு முறையை வகுத்தது. கருவிகளுக்காக வகுத்த அவ்வழக்கு நாளடைவில் எல்லா வகுப்புகளுக்கும் உரிய விதியாக எண்ணப்படலாயிற்று. நிரலாளர் ஒரு விசையை அழுத்தியவுடன் எல்லாத் தரவுகளுக்கும் கெற்றர் எழுதிக்கொடுக்கும் வசதியும் வந்துசேர்ந்தது. மறைத்துள்ளோம் என்ற மனநிறைவும் எதையும் மறைக்காத வசதியும் ஒருங்கே கிட்டின. இவ்வாறு தரவை மாத்திரம் தாங்கி, தாமாக எதனையும் செய்யாத பொருள்களால் ஆன அமைப்பை மார்ட்டின் பௌலர் 2003 இல் சோகை பிடித்த அமைப்பு எனக் குறித்தார். பொருந்திய உருவகமே. அதே ஆண்டில் அலன் ஹோலப் எழுதிய கட்டுரையின் தலைப்போ கெற்றரையும் செற்றரையும் தீயவை என்றே பழித்தது. ஒரு சிறு செயன்முறையைத் தீமை எனப் பழித்தல் மிகையானது. பழிக்கத்தக்கது, கேட்பவர் எதற்காகக் கேட்கின்றார் என்பதை எண்ணாது கொடுக்கும் பழக்கம் ஆகும்.

மறுபக்கத்தையும் பேசுதல் வேண்டும். உறையிடலை வேதமாகக் கொள்வோர் சிலர், திரையில் ஒரு பெயரைக் காட்டுவதற்குக் கூட அப்பெயருக்குரிய பொருளே தன்னைத் திரையில் எழுதிக்கொள்ளல் வேண்டும் என்பர். விளைவு யாதெனில், வாடிக்கையாளர் என்னும் வகுப்பு திரையையும் அச்சுப்பொறியையும் மின்னஞ்சலையும் அறிந்துகொள்ள வேண்டியதாகின்றது. ஒரு மறைவைக் காக்கப் பல மறைவுகள் உடைகின்றன. 1987 இல் அமெரிக்காவின் நோர்த்ஈஸ்ரேர்ண் பல்கலைக்கழகத்தில் உருவான டிமீற்றர் விதி, ஒரு பொருள் தனக்கு நேரே அறிமுகமானவற்றுடன் மாத்திரம் பேசல் வேண்டும், அறிமுகமானவற்றின் அறிமுகங்களைத் தேடிச் செல்லலாகாது எனக் கூறுகின்றது. நல்ல விதி, ஆயின் அதனை எழுத்தெழுத்தாகக் கடைப்பிடித்தவர், கேட்டதை அப்படியே அடுத்தவருக்குக் கடத்தும் செயன்முறைகள் நூற்றுக்கணக்கில் பெருகக் கண்டனர். கந்தோர்களில் ஒரு கோவை மேசைக்கு மேசை நகர்ந்தும் எவரும் எதுவும் தீர்மானிக்காத நிலையை இது நினைவூட்டும்.

அன்றியும் சில பொருள்களுக்குக் கடமை எதுவும் இல்லை. வரைபடத்தில் ஒரு புள்ளியின் இரு ஆள்கூறுகள், ஓர் அஞ்சல் முகவரி, ஒரு நாளின் மழைவீழ்ச்சி அளவு ஆகியன அறிவிக்கப்படுவதற்கென்றே இருப்பவை. அவை காக்கவேண்டிய விதி ஏதுமில்லையாயின் அவற்றைத் திரையிட்டு மூடுதல் வெறும் பாவனை. 2007 இல் றிச் ஹிக்கி வெளியிட்ட குளோஜர் மொழி, தரவுகளை மாறாதனவாக்கி வெளிப்படையாகவே வைக்கும் வழியைத் தெரிந்துகொண்டது. மாற்றமுடியாத ஒன்றை எவர் பார்த்தாலும் அதனைக் கெடுக்க இயலாது என்பது அவ்வழியின் நியாயம். ஜாவாவும் 2021 இல் தன் பதினாறாம் பதிப்பில், தரவைத் தாங்குதலே தமது பணியென ஒளிக்காது சொல்லும் 'றெக்கோர்ட்' வகைகளை நிலையான கூறாக ஏற்றுக்கொண்டது. இவற்றில் ஒரு நேர்மை உண்டு. எனினும் மாறாத்தன்மை, தரவு கெடாது காக்குமேயன்றி, தீர்ப்புப் பல இடங்களில் சிதறுவதைத் தடுப்பதில்லை. ஈரிலக்க ஆண்டை எவரும் மாற்றிக் கெடுக்கவில்லை. எல்லாரும் அதனைப் படித்தனர் என்பதே அங்கு நேர்ந்த இடர்.

மறைத்தலின் பெயரால் நேரக்கூடிய கொடுமைக்குப் பிரித்தானிய அஞ்சல் துறையின் ஹொறைசன் விவகாரம் சான்று. அது ஒரு வகுப்பின் வடிவமைப்பைப் பற்றிய வழக்கன்று. ஆயினும் தரவு ஓரிடத்திலும் பொறுப்பு வேறோரிடத்திலும் இருந்தால் மனிதருக்கு நேர்வது யாது என்பதை அதனைப் போலத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறொன்று கிடைப்பது அரிது. 1999 முதல் அந்நாட்டின் கிளை அஞ்சலகங்களில் ஹொறைசன் என்னும் கணினிக் கணக்கு முறைமை பொருத்தப்பட்டது. அதனை உருவாக்கிப் பேணியது புஜிற்சு நிறுவனம். திரையில் காட்டிய தொகைக்கும் பெட்டியில் இருந்த தொகைக்கும் வேறுபாடு காணப்பட்டபோது அதனை ஈடுசெய்யும் பொறுப்பு ஒப்பந்தப்படி கிளை அஞ்சலகப் பொறுப்பாளரின் தலையில் விழுந்தது. அவ்வேறுபாடு எங்கிருந்து வந்ததென ஆராய வேண்டிய உள்விவரங்கள் அவர்களுக்குத் திறக்கப்படவில்லை. அதே வேளையில், நிறுவனத்தின் பொறியியலாளர் தொலைவிலிருந்தே கிளைகளின் கணக்குகளுள் புகுந்து பதிவுகளை மாற்றமுடிந்தது. இது சாத்தியமில்லையென அஞ்சல் துறை நெடுங்காலம் கூறிவந்தது. 1999 முதல் 2015 வரை 900 இற்கும் மேற்பட்டோர் களவு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் வீடு வாசல்களை இழந்தனர். உயிரை மாய்த்துக்கொண்டோரும் உளர். அலன் பேற்ஸ் தலைமையில் பொறுப்பாளர் தொடுத்த வழக்கில், 2019 டிசெம்பரில் மேல் நீதிமன்றம், முறைமையில் வேறுபாடுகளை உண்டாக்கக்கூடிய பிழைகள் இருந்தன எனவும், தொலைவிலிருந்து மாற்றுதல் சாத்தியமாயிருந்தது எனவும் தீர்ப்பளித்தது. 2024 இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிப் பெருந்தொகையானோரின் தண்டனைத் தீர்ப்புகளை நீக்கவேண்டியதாயிற்று.

இதில் இரு தவறுகள் ஒன்றோடொன்று பின்னியுள்ளன. விடைசொல்ல வேண்டியவரின் கையில் தரவைக் காக்கும் அதிகாரம் இருக்கவில்லை. அவரது கணக்கை அவர் அறியாது பிறர் எழுதினர். தரவைக் காத்தவரோ விடைசொல்லக் கடமைப்படவில்லை. உள்ளே நடப்பதைக் காட்டாமலே, தம் முறைமை பிழைக்காது என்ற நம்பிக்கையை நீதிமன்றத்தின் முன் நிறுத்தினர். உறையிடல் என்ற நெறியைத் தலைகீழாக்கினால் கிடைப்பது இதுவே. செய்நிரல் நூல்கள் மறைத்தலைக் கற்பிக்கும்போது, மறைப்பவர் விடைசொல்லக் கடமைப்பட்டவர் என்ற பாதியைச் சொல்லாது விட்டுவிடுவது சிறிய குறையன்று.

எஞ்சியிருப்பது கணக்காய்வாளரின் சிக்கல். கணக்கு தன் மீதியைத் தானே காக்கின்றது, தன் விதிகளைத் தானே நடத்துகின்றது, தன் கூற்றையும் தானே வெளியிடுகின்றது எனின், அது தன் வழக்கில் தானே சாட்சியும் நீதிபதியும் ஆகின்றது. அதனைச் சோதிக்க வருபவருக்கு உள்ளேயுள்ளதைக் காணும் வழி வேண்டும். அவருக்கு வேண்டிய திறப்பும் பணமெடுக்க வருபவருக்கு வேண்டிய திறப்பும் ஒன்றல்ல. முன்னவர் பார்க்க வருகின்றார். கணக்குக்குப் பதிலாகத் தீர்மானிக்க வருவதில்லை. ஜாவா போன்ற மொழிகளில் வழக்கமாக எழுதப்படும் பொதுக் கெற்றர் இவ்விருவரையும் வேறுபடுத்துவதில்லை. அதனை யார் பயன்படுத்துகின்றனர் என்பதும் அவ்வகுப்பை வாசிப்பவருக்குத் தெரியாது. 1980 களின் நடுப்பகுதியில் பேர்ட்ரண்ட் மேயர் வடிவமைத்த ஈபெல் மொழி வேறு வழி கண்டது. அம்மொழியில் ஒரு வகுப்பு தன் தரவைப் பார்க்க அனுமதிக்கலாம். அனுமதி பெற்றவரும் அதனை வெளியிலிருந்து நேரே மாற்றியெழுத முடியாது. அன்றியும் அவ்வனுமதியை எல்லாருக்கும் வழங்காது, குறித்த சில வகுப்புகளுக்கு மாத்திரம் வழங்கலாம். அவ்வாறு வழங்கும்போது அவ்வகுப்புகளின் பெயர்களை, அத்தரவை அறிவிக்கும் பகுதியின் தலைப்பிலேயே, வாசிக்கும் எவரும் காணும்படி எழுதிவைத்தல் வேண்டும்.